சபையை வளரச் சொல்லும்போது போதகர்கள் செய்யும் தவறுகள்

ஒரு ஞாயிறு ஆராதனையில் ஜெபத்தைப் பற்றிப் பிரசங்கித்தேன். பேச்சின் வேகத்தில், "இந்த வாரம் நாளுக்கு ஒரு மணி நேரமாவது தேவ சமுகத்தில் உட்கார்ந்தவர்கள் கை தூக்குங்கள், பார்க்கலாம்" என்றேன். ஆலயத்தில் ஒரு சத்தமும் இல்லை. ஆவியானவர் உணர்த்துகிறார் என்று நினைத்துக்கொண்டு இன்னும் பத்து நிமிடம் நீட்டினேன். முடிந்து வாசலில் நின்றபோது, ஜெபிப்பதையே விட்டுவிட்டேன் என்று முன்பு என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்ன சகோதரர் ஒருவர் கையைக் குலுக்கி, "நல்ல செய்தி பாஸ்டர், சில பேருக்கு இது தேவைதான்" என்றார். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் தாயைத் தனியாளாகப் பார்த்துக்கொள்ளும் சகோதரி ஒருவர், கண்களைத் துடைத்தபடி பக்கவாட்டு வாசல் வழியாகப் போய்விட்டார்.

உறைக்க வேண்டியவருக்கு உறைக்கவில்லை. ஏற்கெனவே நொந்திருந்தவர் மேல் இன்னொரு சுமை ஏறியது. விசுவாசிகளை வளர்ச்சிக்கும் அர்ப்பணிப்புக்கும் தூண்டும் ஊழியத்தில் நான் செய்த தவறுகளும், மற்றவர்கள் செய்ய நான் பார்த்த தவறுகளும் பெரும்பாலும் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவையே: ஆளைப் பார்க்காமல் மருந்து கொடுப்பது.

எல்லாருக்கும் ஒரே குரல்

தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 5ஆம் அதிகாரம் 14ஆம் வசனத்தைப் பலர் வேகமாக வாசித்துக் கடந்துவிடுகிறோம். "ஒழுங்கில்லாதவர்களுக்குப் புத்திசொல்லுங்கள், திடனற்றவர்களைத் தேற்றுங்கள், பலவீனரைத் தாங்குங்கள், எல்லாரிடத்திலும் நீடிய சாந்தமாயிருங்கள்" என்கிறார் பவுல். மூன்று வகையான ஆட்கள், மூன்று வேறு வேலைகள். எல்லாருக்கும் பொதுவானது நீடிய சாந்தம் ஒன்றுதான். நாம் செய்வதோ தலைகீழ். திடனற்றவருக்குப் புத்தி சொல்கிறோம். ஒழுங்கில்லாதவர் வசதியானவராகவோ மூப்பராகவோ இருந்துவிட்டால் அவரைத் தேற்றிக்கொண்டே இருக்கிறோம்.

எலியா சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்டுப் படுத்தபோது என்ன நடந்தது என்று பாருங்கள். கர்மேல் மலையில் அக்கினி இறங்கக் கண்ட தீர்க்கதரிசி அவர். "இவ்வளவு கண்டும் உனக்கு விசுவாசம் இல்லையா" என்று தூதன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டுவிட்டு எலியா திரும்பவும் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் முறையும் வந்து அதையே சொன்னான். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி, நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வருகிறது. தூக்கமும் சாப்பாடும் இல்லாத ஒருவரிடம் அர்ப்பணிப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன் இந்த வரிசையை நினைத்துக்கொள்வது நல்லது.

சரி, நூறு பேர் உட்கார்ந்திருக்கும் ஆராதனையில் ஆளாளுக்குத் தனியாகவா பேச முடியும்? முடியாது. பிரசங்கம் ஒன்றே போதும் என்று நினைப்பதுதான் பிசகு. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கிடர்மின்ஸ்டர் ஊரில் ஊழியம் செய்த ரிச்சர்ட் பேக்ஸ்டர், வாரத்தில் இரண்டு நாளைக் குடும்பம் குடும்பமாகச் சந்தித்துப் பேசுவதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார். பத்து ஆண்டு பிரசங்கத்தில் ஏறாதது அரைமணி நேர நேர்ப்பேச்சில் சிலருக்கு ஏறியது என்பது அவருடைய அனுபவம். அவர் சாதாரணப் பிரசங்கியும் அல்ல.

கை தூக்க வைத்துவிட்டு மறந்துபோவது

உருக்கமான பாடல், மெல்லிய இசை, "இன்றைக்கே தீர்மானம் எடுப்பவர்கள் முன்னே வாருங்கள்" என்ற அழைப்பு. இதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் கூட்டத்தின் சூட்டில் எடுக்கும் தீர்மானம் திங்கட்கிழமை வரை தாங்குமா என்று யோசிக்காமல் அழைப்பதில் தவறு இருக்கிறது. "நீ நேர்ந்துகொண்டதைச் செய்யாமற்போவதைப்பார்க்கிலும், நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம்" என்று பிரசங்கி 5ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கோபுரம் கட்டப் புறப்படுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று இயேசுவும் சொன்னார். தம்மிடம் ஓடிவந்த ஐசுவரியவான் துக்கத்தோடு திரும்பிப் போனபோது, அவர் நிபந்தனையைக் குறைத்துக்கொண்டு பின்னால் போகவில்லை. அவனைப் பார்த்து அன்புகூர்ந்தார் என்று மாற்கு எழுதுகிறார். ஆனாலும் போக விட்டார்.

நானும் ஒரு வருடக் கடைசியில் அர்ப்பணிப்பு அட்டைகள் அச்சடித்துக் கொடுத்தேன். வேத வாசிப்பு, உபவாசம், ஊழியம், காணிக்கை என்று கட்டங்கள், கீழே கையெழுத்து. கட்டுக்கட்டாகத் திரும்பி வந்தன. மேடையில் வைத்து ஜெபித்தோம். அப்புறம் அவற்றை என் மேசை இழுப்பறையில் போட்டேன். அடுத்த வருடக் கடைசியில் புதிய அட்டைகளை வைக்க இடம் தேடியபோதுதான் பழையவை கண்ணில் பட்டன. பன்னிரண்டு மாதத்தில் அவர்களில் ஒருவரிடம்கூட "எப்படிப் போகிறது?" என்று நான் கேட்கவில்லை. அர்ப்பணிப்பு குறைந்துவிட்டது என்று அந்த வருடம் முழுக்கப் புலம்பியவனும் நானேதான். அந்த முறை புதிய அட்டைகளைக் கொடுக்கவில்லை.

தீர்மானம் எடுக்கச் சொன்னால், அது சிறியதாகவும் கெடு உள்ளதாகவும் இருக்கட்டும். வாழ்நாள் முழுக்க என்பதைவிட ஆறு வாரம் என்று கேட்பது நேர்மையானது. ஆறாவது வாரம் யார் யாரோடு உட்கார்ந்து பேசுவது என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

"ஜெபியுங்கள், வேதம் வாசியுங்கள்" என்பதோடு நிறுத்துவது

செய்யச் சொல்வோம், எப்படிச் செய்வது என்று சொல்ல மாட்டோம். சீஷர்கள் இயேசுவிடம் ஜெபம்பண்ணக் கற்றுத்தரச் சொன்னபோது அவர் ஜெபத்தின் மேன்மையைப் பற்றிச் சொற்பொழிவாற்றவில்லை. ஒரு நிமிடத்துக்குள் சொல்லி முடிக்கக்கூடிய ஒரு ஜெபத்தைக் கொடுத்தார்.

வேத வாசிப்பில் இந்தக் குறை இன்னும் தெளிவாகத் தெரியும். வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1189 அதிகாரங்கள். ஒரே வருடத்தில் முடிக்க நாளுக்கு மூன்று அதிகாரத்துக்குச் சற்று மேல் வாசிக்க வேண்டும். புதிய விசுவாசி ஆதியாகமத்தில் தொடங்குகிறார். 50 அதிகாரம், கதை கதையாக ஓடிவிடும். யாத்திராகமம் 40; அதில் 25ஆம் அதிகாரத்திலிருந்து ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகளும் பலகைகளும் திரைகளும் வரத் தொடங்கும்போது கால் தடுக்கும். ஜனவரி முடிகிற சமயம் லேவியராகமத்தின் பலி முறைமைகள் எதிரே நிற்கும். அங்கே விட்டுவிடுகிறார். விட்டதோடு போகாமல், தனக்கு வாஞ்சை இல்லை என்ற முடிவுக்கும் வந்துவிடுகிறார். அவருக்கு வாஞ்சை இருந்தது. மாற்குவில் தொடங்குங்கள், நாளுக்கு ஓர் அதிகாரம், பதினாறு நாளில் முடித்துவிடலாம் என்று சொல்ல ஆள்தான் இல்லை. முடித்த பிறகு லூக்கா, அப்போஸ்தலர் நடபடிகள், ஒரு சங்கீதம் என்று போகலாம். லேவியராகமம் எங்கேயும் ஓடிவிடாது. எபிரெயர் நிருபத்தோடு சேர்த்து வாசிக்கும்போது அது வேறு புத்தகமாகத் தெரியும்.

இதற்கு நேர் எதிரான தவறு, வருடக்கணக்கில் பாலையே ஊட்டுவது. போதகர்களாயிருக்க வேண்டிய காலத்தில் இன்னும் மூல உபதேசங்களையே கேட்க வேண்டியவர்களாய் இருக்கிறீர்கள் என்று எபிரெயர் 5ஆம் அதிகாரம் கடிந்துகொள்கிறது. பாலுக்கு எதிராக அங்கே சொல்லப்படும் பலமான ஆகாரம் கடினமான இறையியல் சொற்களைக் குறிக்கவில்லை. நன்மை தீமையைப் பகுத்தறிய முயற்சியினால் பழகின மனதைப் பற்றியே வசனம் பேசுகிறது. ஆகவே "பாஸ்டர், நான் இதைச் செய்யலாமா?" என்று ஒருவர் கேட்டு வரும்போது, எப்போதும் உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். "வேதத்தில் எதைப் பார்த்தீர்கள்? உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதற்காக அவர்களை நற்குணசாலிகள் என்றுதான் லூக்கா எழுதுகிறார். நம்மை யாராவது அப்படிச் சோதித்துப் பார்த்தால் நமக்குக் கோபம் வருகிறது என்பது வேறு விஷயம்.

வருகையை வளர்ச்சி என்று எண்ணுவது

சபை கூடிவருதலை விட்டுவிடக் கூடாது. எபிரெயர் 10 அதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் வருகைப் பதிவு எளிதில் எண்ணக்கூடியது என்பதால் அதையே அளவுகோலாக்கிவிடுகிறோம். கலாத்தியர் 5இல் ஆவியின் கனியாகச் சொல்லப்பட்ட ஒன்பதையும் பதிவேட்டில் குறிக்க முடியாது. நீடிய பொறுமை கூடியிருக்கிறதா என்பது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கூட வேலை செய்கிறவர்களுக்கும்தான் தெரியும். வாரத்தில் ஐந்து கூட்டத்துக்கு வந்துபோகிற ஒருவர் வீட்டில் எல்லாரையும் நடுங்க வைத்துக்கொண்டிருக்கலாம். அவரை அர்ப்பணிப்புள்ள விசுவாசி என்று மேடையில் பாராட்டும்போது அவர் வீட்டார் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார்கள்.

வராதவர்களிடம் நடந்துகொள்வதிலும் கவனம் தேவை. இரண்டு மாதம் கழித்துத் தயங்கித் தயங்கி வருகிறவரை, "என்ன, ஆளையே காணோம்! வழி மறந்துபோச்சா?" என்று எல்லார் முன்பும் வரவேற்றால் அடுத்த முறை வர அவருக்கு ஆறு மாதமாகும். காணாமற்போன ஆட்டைக் கண்டுபிடித்த மேய்ப்பன் அதைத் தோளில்தான் போட்டுக்கொண்டு வந்தான்.

"ஆம்" என்பவர் தலையிலேயே எல்லாவற்றையும் கட்டுவது

ஓய்வுநாள் பள்ளிக்கு ஆள் வேண்டும், பாடகர் குழுவுக்கு ஆள் வேண்டும். யாரைக் கேட்கிறோம்? போன முறை சரி என்றவரை. மூன்றே வருடத்தில் அவர் களைத்து ஒதுங்கிவிடுவார், "பின்வாங்கிப்போனார்" என்று நாம் குறித்துக்கொள்வோம். ஊழியத்தில் அமர்த்துவது வளர்ச்சிக்கு உதவும்தான். அவருடைய ஆத்துமா எப்படியிருக்கிறது என்று யாரும் கேட்காமல் வேலை மட்டும் கொடுத்துக்கொண்டே போனால் உதவாது.

போதகரே எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வதும் இதே நோயின் இன்னொரு முகம். காலை முதல் சாயங்காலம் வரை தனியாக நியாயம் விசாரித்துக்கொண்டிருந்த மோசேயைப் பார்த்து, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்று சொல்ல மாமனார் வரவேண்டியிருந்தது. ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களை வைத்து வேலையைப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார் எத்திரோ.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் சிறு குழுக்கள் தொடங்கிய விதம் எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். 1742இல் பிரிஸ்டல் நகரில் கட்டடக் கடனை அடைக்க ஒரு திட்டம் போட்டார்கள்: பன்னிரண்டு பேருக்கு ஒருவர் பொறுப்பு, அவர் வாரந்தோறும் வீடு வீடாகப் போய் ஆளுக்கு ஒரு பென்னி வாங்கி வர வேண்டும். போனவர்கள் காசோடு சேர்த்துச் செய்திகளும் கொண்டுவந்தார்கள். இந்த வீட்டில் சண்டை, அந்த வீட்டில் குடி. ஆத்துமாக்களை விசாரிக்க இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்று வெஸ்லிக்குப் பிடிபட்டது. கடனுக்காகப் போட்ட ஏற்பாடு பராமரிப்பு ஏற்பாடாக மாறியது. வீட்டுப் படி ஏறினால்தான் சில விஷயங்கள் தெரியும்.

பயமுறுத்துவது

இதைப் பற்றி அதிகம் பேச எனக்கு விருப்பமில்லை. காணிக்கை குறைந்ததால்தான் பிள்ளைக்குச் சுகவீனம், கூட்டத்துக்கு வராததால்தான் விபத்து என்று பேசுவது ஊழியம் ஆகாது. பிறவிக்குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று கேட்டவர்களுக்கு, இவனுமல்ல, இவனைப் பெற்றவர்களுமல்ல என்றார் இயேசு. யோபின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து பேசாமல் இருந்தவரை நன்றாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகே எல்லாம் கெட்டது. கொடுப்பதைப் பொறுத்தவரையில், விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல என்று 2 கொரிந்தியர் 9 சொல்வதே போதும்.

தன்னை விட்டுவிட்டுப் பேசுவது

தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதும்போது, "நீ தேறுகிறது யாவருக்கும் விளங்கும்படி இவைகளையே சிந்தித்துக்கொண்டு, இவைகளிலே நிலைத்திரு" என்கிறார். தேறுகிறது விளங்க வேண்டுமென்றால், இன்னும் தேற வேண்டியது பாக்கி இருக்கிறது என்பதும் சபைக்குத் தெரியத்தானே வேண்டும். நாமோ முடித்துவிட்டவர்களைப் போல நின்று பேசுகிறோம். போன மாதம் மூப்பர் ஒருவரிடம் கோபப்பட்டேன், போய் மன்னிப்புக் கேட்டேன் என்று போதகர் சொல்லும் இரண்டு வரிக்கு, மன்னிப்பைப் பற்றிய மூன்று பிரசங்கத்தின் பலம் இருக்கும். ஆனால் சொல்வது நம்முடைய கதையாக இருக்கட்டும். தனியறையில் ஒருவர் அழுது சொன்னதைப் பேரை மாற்றி உதாரணமாக்கினால், சம்பந்தப்பட்டவருக்கு அது தெரிந்துவிடும். அதற்குப் பிறகு யாரும் அந்த அறைக்கு வர மாட்டார்கள்.

அந்த ஞாயிறு கண்களைத் துடைத்தபடி போன சகோதரியின் வீட்டுக்கு அடுத்த வாரம் போனேன். மன்னிப்புக் கேட்டேன். இரவில் தாய் நான்கு முறை எழுப்புவார்கள் என்றும், ஒவ்வொரு முறை புரட்டிப் படுக்க வைக்கும்போதும் "இயேசுவே" என்று மட்டும் சொல்வேன், அது ஜெபக் கணக்கில் வருமா பாஸ்டர் என்றும் கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்ல நாக்கு எழவில்லை. சபையில் இரண்டு பேரைக் கேட்டேன். வாரத்தில் ஒரு மாலை மாறி மாறி அந்த வீட்டில் இருந்துகொள்ள ஒத்துக்கொண்டார்கள். மூன்றாவது வாரம் அந்தச் சகோதரி ஜெபக்கூட்டத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். முதல் பாடல் முடிவதற்குள் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். பக்கத்தில் இருந்தவர் எழுப்பக் கை நீட்டினார். வேண்டாம் என்று தலையசைத்தேன்.