அரசுத் திட்டம் கொடுத்ததோடு நின்றதா, பரவியதா? படிப்படியாகப் பார்ப்பது எப்படி

எவ்வளவு செலவானது, எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள் என்ற இரண்டு எண்களோடு பெரும்பாலான மதிப்பீட்டு அறிக்கைகள் முடிந்துவிடுகின்றன. கொடுத்ததை மக்கள் புழங்குகிறார்களா என்று பார்க்க, அமெரிக்கச் சமூகவியலாளர் எவரெட் ரோஜர்ஸ் 1962இல் தொகுத்துத் தந்த புதுமைப் பரவல் கோட்பாடு (புதிய பொருளோ பழக்கமோ மக்களிடையே எப்படிப் பரவுகிறது என்ற விளக்கம்) நல்ல கருவி.

படி 1: யாரை 'ஏற்றுக்கொண்டவர்' என்று கணக்கில் எடுப்பீர்கள்? புகையில்லா அடுப்புத் திட்டம் என்றால், கையெழுத்துப் போட்டு அடுப்பை வாங்கிப் போனவரையா, ஆறு மாதம் கழித்தும் அதில் சமைப்பவரையா? இரண்டாமவரைத்தான் எண்ண வேண்டும்.

படி 2: மாதாமாதம் புதிதாகச் சேர்ந்தவர்களைக் கூட்டிக்கொண்டே போய் ஒரு கோடு வரையுங்கள். தொடக்கத்தில் தவழ்ந்து, நடுவில் எகிறி, கடைசியில் தட்டையாவது அதன் வழக்கம். அமெரிக்காவின் அயோவாவில் 1928இல் வந்த வீரிய ஒட்டு மக்காச்சோள விதையை 1933 வரை சுமார் 10 சதவீத விவசாயிகள்தான் எடுத்திருந்தார்கள், ஆனால் 1941க்குள் ரையன், கிராஸ் என்ற சமூகவியல் ஆய்வாளர்கள் ஆய்வு செய்த 259 பேரில் இருவரைத் தவிர எல்லோரும் மாறிவிட்டார்கள். அதை 1933இல் மதிப்பிட்டிருந்தால் 'தோல்வி' என்று எழுதி மூடியிருப்பார்கள், இல்லையா?

படி 3: இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். பழையதைவிட இதில் என்ன லாபம், நம் பழக்கத்தோடு ஒத்துப்போகிறதா, புரிந்துகொள்ளச் சிரமமா, கொஞ்சமாக முயன்று பார்க்க முடியுமா, பலன் கண்ணுக்குத் தெரிகிறதா என்ற ஐந்தையும் அதிகாரிகளிடம் கேட்காமல் பயனாளிகளிடமே கேளுங்கள். பெரு நாட்டுக் கிராமம் ஒன்றில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லி இரண்டு வருடம் பிரச்சாரம் செய்தும் சுமார் 200 குடும்பங்களில் 11தான் மாறின. கொதித்த தண்ணீர் நோயாளிக்கானது என்பது அந்த ஊர் நம்பிக்கை. ஐந்தில் ஒன்று இடறினாலே இப்படி ஆகும்.

படி 4: யார் முதலில் வந்தார்கள், யார் தாமதமாக வந்தார்கள் என்று பாருங்கள். ரோஜர்ஸ் மக்களை முதலில் சேர்பவர்கள் தொடங்கிக் கடைசியில் சேர்பவர்கள் வரை 2.5, 13.5, 34, 34, 16 சதவீதமாக ஐந்து குழுக்களாகப் பிரித்தார், அதற்காக உங்கள் தரவை அந்த அளவுக்கு நறுக்க வேண்டியதில்லை. கடைசியில் வருபவர்களைப் 'பிடிவாதக்காரர்கள்' என்று எழுதிவிடாதீர்கள். கையில் காசில்லை, வேலையை விட்டுவிட்டு அலுவலகத்துக்கு நாலு நடை நடக்க முடியவில்லை என்பதுபோன்ற காரணம் இருந்தால் கோளாறு திட்டத்தில்தான்.

படி 5: சேர்ந்துவிட்டுப் பிறகு கைவிட்டவர்களின் பட்டியலைத் தேடிப் பிடியுங்கள் (அலுவலகத்தில் அப்படி ஒரு பட்டியலே இருக்காது, கள ஆய்வில்தான் கிடைக்கும்). இதைவிட நல்லது கிடைத்ததால் கைவிட்டார்களா, வெறுத்துப்போய்க் கைவிட்டார்களா என்று பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று. கோடு ஏறிவிட்டது என்பதற்காக அது திட்டத்தால்தான் என்று சொல்லிவிட முடியாது. திட்டம் போகாத, மற்றபடி ஒரே மாதிரியான பகுதி ஒன்றையும் சேர்த்து அளந்து பாருங்கள். சேராவிட்டால் வேறு சலுகை நின்றுவிடும் என்று கட்டாயப்படுத்திய திட்டமாக இருந்தால், கோடு வரைவதை விட்டுவிட்டு நேராகப் படி 5இலிருந்து ஆரம்பிப்பதே நல்லது.