மாடியில் பேனல், வீட்டுக்குள் புழுக்கம்

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போகும். மாடியில் சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும். மூன்று கிலோவாட் பேனல் அத்தனை வெயிலையும் வாங்கிக்கொண்டு சும்மா கிடக்கும். கீழே ஃபேன் ஓடாது. மதுரை திருநகரில் எங்கள் வீட்டில் முதல் வருஷம் இதுதான் கதை. “சோலார் போட்டுட்டு ஏன் தம்பி விசிறிமட்டையோட உக்காந்திருக்கீங்க?” என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை.

கோளாறு எதுவும் இல்லை என்று பிறகுதான் புரிந்தது. ஆன்கிரிட் இன்வெர்ட்டர் லைன் கரண்ட் இருந்தால்தான் ஓடும். லைன் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவர் மேல் நம் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். பில் குறைய வேண்டுமா, மின்தடையில் ஃபேன் ஓட வேண்டுமா என்று யோசிக்காமல், மானியக் கணக்கை மட்டும் பார்த்து வாங்கியது என் தவறு. மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. அது பேனலின் அளவை வைத்துத்தான்; பேட்டரிக்குத் தனியாக எதுவும் கிடையாது. பில்லும் குறைய வேண்டும், மின்தடையில் ஃபேனும் ஓட வேண்டும் என்றால், லைன் போனாலும் வீட்டுக்கு மட்டும் ஓட்டும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்க வேண்டும்.

சரி, எவ்வளவு பெரிய பேட்டரி? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். 12 வோல்ட், 150 ஆம்பியர் ஹவர் டியூபுலர் பேட்டரி என்றால் பெருக்கினால் 1,800 வாட் ஹவர். ஆனால் இது போன்ற ஈய அமில பேட்டரியைத் தினமும் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் சீக்கிரம் முடிந்துவிடும். ஆக 900. இன்வெர்ட்டர் தின்பது போக 750 மிஞ்சினால் அதிகம். 75 வாட் பழைய ஃபேன் மூன்று, டிவி, நாலு லைட் என்று ஓட்டினால் இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். உடனே இன்னொரு பேட்டரி வாங்க ஓடாதீர்கள். முப்பது வாட் சொச்சம் இழுக்கும் பிஎல்டிசி ஃபேனுக்கு மாறினாலே பாதிப் பிரச்சினை தீரும். போர் மோட்டாரை மட்டும் பேட்டரிப் பக்கம் கொண்டுவர வேண்டாம். ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு கரண்டை அது கிளம்பும்போது கேட்கும்.

அடுத்தது இன்வெர்ட்டரின் செட்டிங். யாரும் இதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. சோலார், பேட்டரி, கடைசியாக லைன் என்ற வரிசையில் ஃபிட்டர் வைத்துவிட்டுப் போயிருப்பார். இரவெல்லாம் வீடு பேட்டரியில் ஓடும். விடியும்போது அது காலியாக இருக்கும். ஒன்பது மணிக்குக் கரண்ட் போகும். வருவது, போவது இரண்டையும் எண்ணும் நெட் மீட்டர் உள்ள வீட்டில் பகலில் லைனுக்கு வெளியே போன யூனிட் கணக்கில் கழிந்துவிடும், அப்புறம் எதற்கு ராத்திரி பேட்டரியைத் தேய்ப்பது? மின்தடைக்கென்று அதை நிரப்பியே வைத்திருப்பதுதான் என் கட்சி. நெட் மீட்டர் வருமுன்னே பேனலை லைனோடு இணைத்து ஓட்டிப் பார்ப்பதும் வேண்டாம். சில மின்னணு மீட்டர்கள் வெளியே போகும் யூனிட்டையும் செலவாகவே எண்ணும்.

பேட்டரியை மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் வைக்காதீர்கள். மதுரை வெயிலுக்கு அதைவிடக் கொடுமை வேறில்லை. சூடு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் ஈய அமில பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். காற்றோட்டமான மாடிப்படி அடி போதும். பழைய பேட்டரியோடு புதியதைக் கோக்க வேண்டாம். பழையது புதியதையும் கெடுத்துவிடும். லித்தியம் வாங்கினால் பழைய இன்வெர்ட்டரில் அதற்கான சார்ஜிங் முறை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

கடைசித் தவணையைக் கொடுக்குமுன், ஃபிட்டர் பக்கத்தில் நிற்கும்போதே மெயினை இறக்கிப் பாருங்கள். ஹைபிரிட்டுக்கு மாறிய பிறகு நாங்கள் அப்படிச் செய்தோம். ஃபேன் ஓடியது, லைட் எரிந்தது. கூடவே வாட்டர் ஹீட்டரின் சிவப்பு விளக்கும் எரிந்தது. அந்த வயரை எந்தப் பக்கம் மாட்டினோம் என்பது ஃபிட்டருக்கே அப்போதுதான் தெரிந்தது.