கான்ஃபிக் ஃபைலை மாற்றியும் மைஎஸ்க்யூஎல் கேட்கவில்லையா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணி. பெங்களூரில் வேலை பார்க்கிற நம்மவர்கள் மடிவாளாவில் ஊர் பஸ்ஸுக்கு நிற்கும் நேரம். எங்கள் டீமுக்குப் புதிதாக வந்த சேலத்துத் தம்பி மட்டும் சீட்டைவிட்டு எழுந்திருக்கவில்லை. "அக்கா, மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் 500-னு போட்டு மூணு தடவை ரீஸ்டார்ட் பண்ணிட்டேன். இன்னும் 200-தான் காட்டுது."

மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் சர்வர் ஒரே நேரத்தில் எத்தனை இணைப்புகளை ஏற்கலாம் என்ற எண் அது. அந்த 200 எனக்கு உறுத்தியது. யாரும் எதுவும் எழுதாமல் விட்டால் மைஎஸ்க்யூஎல் 151 என்று வைத்துக்கொள்ளும். 200 வருகிறது என்றால் வேறு எங்கோ யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள். (உங்களுக்கு 214 வந்தால் அது தனிக் கதை. ஓப்பன் ஃபைல்ஸ் லிமிட் (சர்வர் ஒரே நேரத்தில் திறந்து வைக்கக்கூடிய ஃபைல்களின் எண்ணிக்கை) 1024-இல் நிற்கிறது, அதனால் சர்வர் தானே குறைத்துக்கொண்டிருக்கும். எர்ரர் லாகைப் பாருங்கள்.)

உபுண்டுவில் மைஎஸ்க்யூஎல் 8 ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டளைகளை வாயால் சொல்கிற மாதிரி தமிழிலேயே எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

முதல் படி: சர்வர் எந்தெந்த ஃபைலைத் தேடுகிறது என்று சர்வரிடமே கேட்பது.

மைஎஸ்க்யூஎல்டி --வெர்போஸ் --ஹெல்ப் | லெஸ்

நீளமாகக் கொட்டும். ஆரம்பத்திலேயே 'டிஃபால்ட் ஆப்ஷன்ஸ்' என்று தொடங்கும் வரி இருக்கும். அதற்கு அடுத்த வரியில் ஃபைல்கள் வரிசையாக நிற்கும்: /ஈடிசி/மை.சிஎன்எஃப், அப்புறம் /ஈடிசி/மைஎஸ்க்யூஎல்/மை.சிஎன்எஃப், கடைசியில் ஹோம் டைரக்டரியில் புள்ளியோடு தொடங்கும் .மை.சிஎன்எஃப். இல்லாத ஃபைலைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும்.

இந்த வரிசையைப் பார்த்ததும் பலர் 'முதலில் கிடைத்ததோடு நின்றுவிடும்' என்று நினைக்கிறார்கள். நிற்காது, எல்லாவற்றையும் படிக்கும். நான் முன்பு தங்கியிருந்த பிடிஎம் லேஅவுட் பிஜியில், மெஸ் வாசலில் ஒரு வெள்ளைப் பலகை தொங்கும். காலையில் வார்டன் 'இரவு: சப்பாத்தி, குருமா' என்று எழுதுவார். மத்தியானம் சமையல்காரர் சப்பாத்தியை மட்டும் அழித்துவிட்டுத் தக்காளி சாதம் என்று எழுதுவார். குருமா அப்படியே இருக்கும். இங்கேயும் அதேதான். பின்னால் வரும் ஃபைல், தன்னிடம் உள்ள வரியை மட்டும் மாற்றும், மற்றதைத் தொடாது. விதிவிலக்கு ஒன்று உண்டு: 'யூசர்' ஆப்ஷனில் மட்டும் பாதுகாப்புக்காக முதலில் வந்ததே நிற்கும்.

இரண்டாவது, ஃபைலுக்குள் இருக்கும் ஃபைல்கள். /ஈடிசி/மைஎஸ்க்யூஎல்/மை.சிஎன்எஃப்-ஐத் திறந்தால் '!இன்க்ளூட்டிர்' என்று இரண்டு வரிகள் இருக்கும். ஒன்று கான்ஃப்.டி, அடுத்தது மைஎஸ்க்யூஎல்.கான்ஃப்.டி. நீங்கள் கான்ஃப்.டி-யில் பைண்ட்-அட்ரஸை (சர்வர் எந்த முகவரியில் இணைப்புக்குக் காத்திருக்கும் என்பதை) மாற்றினாலும், பிறகு படிக்கப்படும் மைஎஸ்க்யூஎல்.கான்ஃப்.டி-யில் இருக்கும் 127.0.0.1 அதை அழித்துவிடும். ஒரே அடைவுக்குள் எந்த ஃபைல் முன்னால், எது பின்னால் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஒரே ஆப்ஷனை அங்கே இரண்டு ஃபைலில் எழுதாதீர்கள். 'எதற்கும் இருக்கட்டும்' என்று நகல் எடுத்து வைக்கிற பழக்கம் இருந்தால் அதன் பெயர் .சிஎன்எஃப் என்று முடியக் கூடாது. முடிந்தால் அந்த நகலையும் சர்வர் படிக்கும்.

பர்மிஷன் தகராறு என்று யாராவது 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். எல்லோரும் எழுதக்கூடிய ஃபைலை மைஎஸ்க்யூஎல் ஒதுக்கிவிடும். அதேபோல சர்வருக்கான வரி [மைஎஸ்க்யூஎல்டி] தலைப்பின் கீழ் இருக்க வேண்டும். [கிளையண்ட்] கீழே எழுதினால் சர்வர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

மூன்றாவதாக, ஃபைல்களைக் கூட்டிப் பார்த்தால் என்ன வருகிறது என்று பார்ப்போம்.

மை_பிரிண்ட்_டிஃபால்ட்ஸ் மைஎஸ்க்யூஎல்டி

ஒரே ஆப்ஷன் இரண்டு முறை வந்தால் கீழே இருப்பதே எடுபடும். தம்பிக்கு ஒரே முறைதான் வந்தது, அதுவும் 500 என்று. "அப்போ நான் பண்ணது சரிதானேக்கா?" சரிதான். ஆனால் இந்தக் கட்டளை கான்ஃபிக் ஃபைல்களை மட்டுமே பார்க்கும். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் மனசில் இருப்பது இதற்குத் தெரியாது.

அதற்கு உள்ளே நுழைந்து கேட்க வேண்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வேன் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்:

செலக்ட் வேரியபிள்_சோர்ஸ், வேரியபிள்_பாத், செட்_யூசர், செட்_டைம்
ஃப்ரம் பெர்ஃபார்மன்ஸ்_ஸ்கீமா.வேரியபிள்ஸ்_இன்ஃபோ
வேர் வேரியபிள்_நேம் = 'மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ்';

'பெர்சிஸ்டட்' என்று பதில் வந்தது. இடம்: /வார்/லிப்/மைஎஸ்க்யூஎல்/மைஎஸ்க்யூஎல்டி-ஆட்டோ.சிஎன்எஃப். யாரோ எப்போதோ 'செட் பெர்சிஸ்ட்' (ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் மதிப்பு நிற்கும்படி சேமிக்கும் கட்டளை) கொடுத்திருக்கிறார்கள். அது டேட்டா அடைவில் இருக்கும் இந்த ஃபைலில் போய் உட்காரும். சர்வர் கடைசியாகப் படிப்பது இதைத்தான். கட்டளை வரியில் கொடுத்த ஆப்ஷனைக்கூட இது மிஞ்சிவிடும். எழுதியவர் பெயரும் வந்தது: ரூட், அதாவது முழு அதிகாரம் உள்ள கணக்கு. எங்கள் டீமில் எல்லோரும் ரூட்தான், யாரைத் திட்டுவது?

அந்த ஃபைலை எடிட்டரில் திறந்து கை வைக்காதீர்கள். ஜேசன் என்ற டேட்டா வடிவில் இருக்கும், ஒரு காற்புள்ளி தவறினாலும் வம்பு. முறையான வழி இது:

ரீசெட் பெர்சிஸ்ட் மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ்;

இது சேமித்த வரியை மட்டும் நீக்கும். ஓடுகிற மதிப்பு மாறாது, அதனால் ரீஸ்டார்ட் வேண்டும். அதற்கு முன் 'மைஎஸ்க்யூஎல்டி --வேலிடேட்-கான்ஃபிக்' ஓட்டிவிடுங்கள் (8.0.16 முதல் உண்டு). பிழை இருந்தால் சர்வர் விழுவதற்கு முன்பே சொல்லிவிடும்.

தம்பி ஓட்டினான், சர்வர் பிழை ஒன்றும் சொல்லவில்லை. ரீஸ்டார்ட் செய்துவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டோம். இந்த முறை சோர்ஸ் 'குளோபல்' என்றும், பாத்தில் அவன் எழுதிய ஃபைலும் வந்தது. பக்கத்து டெர்மினல் ஜன்னலில் ஓடுகிற மதிப்பைப் பார்த்தால் 500.