நியூ வேர்ல்டு, சர்க்கஸ் ஆளுங்க கதைய வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு பதிவு பண்றது எப்படி

வீட்ல எண்பது வயசு தாண்டின தாத்தா பாட்டி, பெரியப்பா, அத்தை யாராச்சும் இருந்தா இந்த வேலைய இந்த வாரமே ஆரம்பிச்சிடுங்க. சிங்கப்பூர்ல அந்தக் காலத்துல இருந்த கேளிக்கை பார்க்குங்க நியூ வேர்ல்டு, கிரேட் வேர்ல்டு, ஹேப்பி வேர்ல்டுல வித்தை காட்டினவங்கள நேர்ல பார்த்தவங்க இப்ப ரொம்ப கொஞ்சப் பேருதான் மிச்சம். பெரிய ஸ்டாருங்கள பத்தி கவலை இல்ல, ரோஸ் சான் மலைப்பாம்போட ஆடினது, கிங் காங்கும் தாரா சிங்கும் மல்யுத்தம் போட்டது எல்லாம் அந்தக் காலத்து பேப்பர்லயே கிடக்கு, யார் வேணா தேடி எடுத்துக்கலாம். ஆனா கத்தி வீசுறவர் முன்னாடி பலகையில அசையாம நின்ன பொண்ணு, மரணக் கிணத்துல பைக் ஓட்டினவர், கூடாரத்துக்கு முளை அடிச்சு கயிறு இழுத்த ஆளுங்க, இவங்கள்ல முக்காவாசிப் பேரோட பேரு எங்கயும் அச்சாகல. பார்த்தவங்க மனசுலதான் இருக்கு. அதத்தான் நாம எடுக்கணும்.

கேக்கப் போறதுக்கு முன்னாடி இடங்கள கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டு போங்க. நியூ வேர்ல்டு 1923ல ஜாலான் புசார்ல திறந்தது, 1987ல மூடினாங்க, இப்ப சிட்டி ஸ்குவேர் மால் நிக்குதே அந்த இடம். கிரேட் வேர்ல்டு 1931, கிம் செங் ரோடு பக்கம். ஹேப்பி வேர்ல்டு கேலாங்ல, அதுக்குத்தான் பின்னாடி கே வேர்ல்டுன்னு பேரு மாத்தினாங்க, சின்ன வயசுல போனவங்க ஒரு பேரும் பெரியவனாகி போனவங்க இன்னொரு பேரும் சொல்லுவாங்க, ரெண்டும் ஒரே இடம்தான். இது கூட தெரியாம போய் உக்காந்தா பெரியவங்க இடம் எங்கன்னு விளக்குறதுலயே பாதி நேரம் போயிடும், அவங்களும் களைச்சிடுவாங்க.

இப்ப முக்கியமான விஷயம், கேள்வி. "சர்க்கஸ் ஞாபகம் இருக்கா"ன்னு கேட்டா "ஆங், இருக்கு, நல்லா இருக்கும்"னு சொல்லி முடிச்சிடுவாங்க. அப்படிக் கேக்காதீங்க. யாரு கூட போனீங்க, நடந்தா பஸ்ஸுலயா, எந்த வாசல் வழியா உள்ள போனீங்க, டிக்கெட்டுக்கு யாரு காசு குடுத்தா, காசு இல்லாதப்ப எப்படி உள்ள போனீங்கன்னு கேளுங்க. கடைசிக் கேள்விக்கு கண்டிப்பா ஒரு கதை வரும். அப்புறம் என்ன வாங்கித் தின்னீங்கன்னு கேளுங்க. கச்சாங் பூத்தே, அதாவது கடலை வகைங்க, வித்தவங்க நிறையப் பேரு நம்ம தமிழ் ஆளுங்கதான், தட்டுல கடலைய வச்சுக்கிட்டு வாசல்லயே நின்னவங்களுக்கு ஆட்டக்காரங்க வர்றதும் போறதும் நல்லாத் தெரியும், அந்தக் குடும்பத்து ஆளு யாராச்சும் உங்களுக்குத் தெரிஞ்சா விடாதீங்க.

வாயால சொல்ல வராதத கை சொல்லும், அதனால "எப்படி செஞ்சாங்க, காட்டுங்க"ன்னு கேளுங்க. எங்க பெரியப்பாகிட்ட மரணக் கிணறு பத்தி அப்படித்தான் கேட்டேன். வெறுமனே கேட்டப்ப ரெண்டு வரிதான் சொன்னாரு, செஞ்சு காட்டுங்க பெரியப்பான்னதும் எழுந்து நின்னு டைனிங் டேபிள் விளிம்ப ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு கீழ குனிஞ்சு பார்க்க ஆரம்பிச்சிட்டாரு. கிணத்துக்கு மேல சுத்தி நிக்கிற மேடையில அப்படித்தான் நிப்பாங்களாம், பைக் மேல ஏற ஏற பலகையெல்லாம் காலுக்கடியில தடதடன்னு ஆடுமாம், பெட்ரோல் புகை மூஞ்சியில அடிக்குமாம். ஒரு கைய நீட்டி விரல் நுனியில நோட்டு புடிச்ச மாதிரி காட்டினாரு, ஓட்டுறவர் கைப்பிடிய விட்டுட்டு வந்து அத உருவிக்கிட்டு போவாராம், அப்ப அவர் மூஞ்சியில சிரிப்பே இருக்காதுன்னாரு. இந்த சிரிப்பே இருக்காதுங்கிற ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவும். எந்த விளம்பரத்துலயும் அது இருக்காது.

வருஷம் கேக்காதீங்க, தப்பாதான் வரும், பாவம் அவங்களுக்கும் சங்கடம். அதுக்குப் பதிலா பெரிய சம்பவத்த வச்சு கேளுங்க. புக்கிட் ஹோ சுவீ தீ விபத்துக்கு முன்னாடியா பின்னாடியா (அது 1961 மே), வீட்ல டிவி வந்திருச்சா (இங்க டிவி ஆரம்பிச்சது 1963), டிராலி பஸ் ஓடிச்சா (1962ல நிறுத்திட்டாங்க), உங்களுக்கு கல்யாணம் ஆயிருச்சா, மூத்த புள்ள பொறந்திருச்சா. நாலு கேள்வியில ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள வந்து நிக்கும்.

பார்த்தவங்க இல்லாம ஆடினவங்களே கிடைச்சா அது பெரிய பாக்கியம், ஆனா அங்க ரொம்ப பக்குவமா நடந்துக்கணும். இந்திய சர்க்கஸ் ஆளுங்க பத்திப் பேசினா கேரளாவுல தலச்சேரிய விட்டுட்டு பேச முடியாது, கீலேரி குஞ்ஞிக்கண்ணன் அங்க 1901லயே சர்க்கஸ் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாரு, அந்த ஊர்ப் பக்கத்துலேர்ந்து கம்பெனி கம்பெனியா ஆளுங்க கிளம்பினாங்க. சின்னப் புள்ளையா சேர்ந்து வளர்ந்தவங்க நிறைய, எல்லா ஞாபகமும் இனிப்பா இருக்காது, அடி இருக்கும், பசி இருக்கும், வலையில விழுந்து முறிஞ்ச எலும்பு இருக்கும். அவங்களா ஆரம்பிச்சா கேளுங்க, நீங்களா தோண்டாதீங்க. மேடையில ஆடின பொம்பளைங்க சில பேரு அத பேரப் புள்ளைங்களுக்கே சொல்லியிருக்க மாட்டாங்க. அதனால இந்தப் பதிவ யாரெல்லாம் போட்டுக் கேக்கலாம், பேரு போடலாமா, போட்டோ வெளியில காட்டலாமான்னு ஆரம்பத்துலயே கேட்டு அவங்க பதிலையும் ரெக்கார்டிங்லயே வாங்கிக்குங்க. முடிஞ்சப்புறம் மனசு மாறி வேணாம்னா, வேணாம்தான், அத மதிச்சே ஆகணும்.

ரெக்கார்டிங்குக்கு போனே போதும். ஏரோபிளேன் மோடுல போடுங்க, ஃபேன நிறுத்துங்க, மேசை மேல ஒரு துண்ட மடிச்சு அது மேல போன வைங்க, கோப்பிக்கடை, வாய்ட் டெக் (புளோக்குக்கு கீழ காலியா இருக்கிற தளம்) எங்கயும் எடுக்காதீங்க சத்தத்துல பாதி கேக்காது. ஒரு மணி நேரத்துக்கு மேல போகாதீங்க. அன்னைக்கே மூணு இடத்துல காப்பி, ஒண்ணு வேற வீட்ல இருக்கட்டும்.

போட்டோ இருந்தா இன்னும் கவனம். ஒட்டுற பக்கம் உள்ள ஆல்பத்துலேர்ந்து பிச்சு எடுக்காதீங்க, மேல் படலமே கழண்டு வந்திரும், ஆல்பம் பக்கத்தோட ஸ்கேன் பண்ணுங்க, 600 டிபிஐ போதும். லூசா இருக்கிற போட்டோன்னா பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணுங்க, ஸ்டூடியோ முத்திரையும் மங்கலா ரெண்டு எழுத்தும்தான் பல நேரம் ஆள கண்டுபிடிக்க உதவும். பேரு எழுதணும்னா மிருதுவான பென்சில்ல பின்பக்கம் ஓரமா எழுதுங்க, பேனா வேணாம், லாமினேட் வேணவே வேணாம். நெகட்டிவ் டப்பாவ திறந்ததும் வினிகர் வாசனை அடிச்சா ஃபிலிம் கெட்டுப் போக ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம், அத முதல்ல ஸ்கேன் பண்ணி மத்ததுலேர்ந்து தனியா வைங்க. நம்ம ஊர் ஈரப்பதத்துக்கு மூடி போட்ட டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் கட்டாயம்.

அடுத்தது சரிபார்க்கிறது. பழைய பேப்பருங்கள தேடிப் படிக்கிற தேசிய நூலகத்தோட நியூஸ்பேப்பர் எஸ்ஜி இணையத் தளத்துல பார்க் பேரு போட்டு ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், ஃபிரீ பிரஸ் விளம்பரங்கள தேடுங்க, தேதி கிடைச்சதும் அதே வாரத்து தமிழ் முரச பக்கம் பக்கமா புரட்டுங்க, சில வருஷத்து பேப்பருக்கு நூலகத்துக்கே போக வேண்டி வரும். ஒரே ஆட்டக்காரர் பேர ஆங்கிலத்துல நாலு விதமா எழுதியிருப்பாங்க, எல்லாத்தையும் போட்டுப் பாருங்க. பேப்பர் ஒண்ணு சொல்லி பாட்டி வேற சொன்னா பாட்டிய திருத்தாதீங்க, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதி வைங்க. விளம்பரத்துல வந்த ஆளு அன்னைக்கு ஆடாம கூட இருந்திருக்கலாம், நேர்ல பார்த்தவங்க சொல்லுக்கு நான் எப்பவும் ஒரு படி கூடவே மதிப்பு குடுப்பேன்.

எல்லாம் முடிஞ்சா வீட்லயே பூட்டி வைக்காதீங்க. தேசிய ஆவணக் காப்பகத்துல வாய்மொழி வரலாற்று நிலையம் 1979லேர்ந்து இருக்கு, அங்க தமிழ்ல குடுத்த பேட்டிகளும் இருக்கு, நிறைய ஆன்லைன்லயே கேக்கலாம். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு ரெண்டு கேட்டுப் பாருங்க, கேள்வி எப்படி கேக்கணும்னு அதுலயே புரிஞ்சிரும். உங்ககிட்ட உள்ளது பத்தியும் அவங்களுக்கு எழுதிக் கேளுங்க. அனுப்பும்போது ஃபைல் பேர்ல பேசினவர் பேரு, தேதி, எந்த பார்க், எந்த ஆட்டக்காரர்னு தெளிவா போடுங்க. ஆட்டக்காரர் பேரு தெரியலைன்னா "கத்தி வீச்சு, பச்ச உடுப்பு, இடது கைக்காரர்"னு தெரிஞ்சத போடுங்க, இன்னொரு வீட்டுப் பெரியவர் பார்த்துட்டு பேர சொல்லக்கூடும்.