பைபாஸுக்குப் பிறகு புத்தி தடுமாறினால்: வீட்டார் செய்யும் தவறுகள்

இதய பைபாஸ் ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள், ஐசியூவில் அப்பா என்னைப் பார்த்து, "திண்டிவனம் வந்துடுச்சு, பையை எடு" என்றார். கையில் ஏறிக்கொண்டிருந்த டிரிப்ஸ் ட்யூபைப் பையின் வார் என்று நினைத்து இழுக்கப் பார்த்தார். "இது பஸ் இல்லப்பா, ஆஸ்பத்திரி" என்று நான் வாதாட வாதாட, அவருக்குப் பதற்றம்தான் ஏறியது. நான் செய்த முதல் தவறு அது.

இதற்கு டெலிரியம் என்று பெயர். பைத்தியம் அல்ல. மயக்க மருந்து, உடம்பில் கிளம்பும் அழற்சி, வலி, கெட்டுப்போன தூக்கம் எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை. பெரும்பாலும் சில நாளில் தெளியும். அதுவரை கையைப் பிடித்துக்கொண்டு, இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறோம் என்று மெதுவாகச் சொன்னால் போதும். மூக்குக்கண்ணாடியையும் காது மெஷினையும் தொலைந்துவிடும் என்று வீட்டுக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். கண்ணும் காதும் மங்கியவருக்குக் குழப்பம் கூடத்தான் செய்யும்.

கத்துகிறவரையாவது நர்ஸ் கவனிப்பார். சத்தமே இல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவரை "நல்லா ரெஸ்ட் எடுக்கிறார்" என்று விட்டுவிடுகிறோம். அதுவும் டெலிரியமாக இருக்கலாம். "இவர் இப்படி இருக்கிற ஆள் இல்லை" என்று டாக்டரிடம் சொல்ல வேண்டியது நாம்தான்.

இன்னொன்று, நம் வீடுகளில் கௌரவப் பிரச்சினை. தினமும் குடிப்பவரை "எப்பவாவதுதான்" என்று டாக்டரிடம் சொல்வது. குடி திடீரென நின்றால் ஓரிரு நாளில் நடுக்கமும் குழப்பமும் வரும், வலிப்புகூட வரலாம். தெரிந்திருந்தால் முன்பே மருந்து கொடுப்பார்கள். வழக்கமாகப் போடும் தூக்க மாத்திரையையும் மறைக்காதீர்கள்.

ஒருபக்கம் வாய் கோணுவது, கை விழுவது, பேச்சு குழறுவது டெலிரியம் கணக்கில் வராது. அது பக்கவாதமாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல், வீட்டில் என்றால் உடனே 108.

அப்புறம், ஆபரேஷன் நேரத்தில் இதயம், நுரையீரல் வேலையைப் பார்க்கும் மெஷினைப் பற்றி, "மெஷினில் போட்டதால் மூளை போச்சு" என்ற பேச்சு. 2001-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, பைபாஸ் செய்தவர்களில் டிஸ்சார்ஜின்போது 53 சதவீதம் பேருக்கும், ஐந்து ஆண்டு கழித்து 42 சதவீதம் பேருக்கும் சிந்தனைத் திறன் குறைந்திருந்தது என்றது. பலரும் பயந்தார்கள். ஆனால் அதில் ஆபரேஷன் செய்துகொள்ளாத இதய நோயாளிகளோடு ஒப்பீடு இல்லை. பின்னர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் ஒப்பிட்டபோது, நாளடைவில் இருதரப்புக்கும் சரிவு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. இதய ரத்தக்குழாயைக் கெடுத்த பிபி, சுகர், சிகரெட் மூளையின் ரத்தக்குழாயை மட்டும் சும்மா விடுமா? மெஷினுக்குப் பயந்து ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதும், முடிந்ததும் பிபி மாத்திரையை நிறுத்துவதும் ஒரே ரகத் தவறு.

வீடு திரும்பியதும் சில வாரம் பெயர் மறக்கும், கணக்கு இடிக்கும். அந்த நேரத்தில் சொத்துப் பத்திரத்தை நீட்டாதீர்கள். மாதங்கள் ஓடியும் தெளியவில்லை என்றால் "வயசாச்சு" என்று விடாமல் நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். மனச்சோர்வு, தைராய்டு, பி12 குறைவு என்று மருந்துக்கு அடங்கும் காரணமாகவும் இருக்கலாம்.