சொந்த மொழி உருவாக்கணுமா? முதலில் ஒலியை முடிவு பண்ணுங்கள்

கற்பனை மொழி செய்ய உட்காருகிறவர்கள் பலர் நேராக எழுத்து வடிவம் வரையத் தொடங்கிவிடுகிறார்கள். அது அப்புறம். முதலில் ஒலிகளைத் தேர்ந்தெடுங்கள், அதுவும் கொஞ்சமாக. ஹவாய் மொழி வெறும் 8 மெய்யொலிகளை வைத்துக்கொண்டே ஓடுகிறது. எதைச் சேர்க்கிறோம் என்பதைவிட எதை விடுகிறோம் என்பதில்தான் மொழியின் சாயல் இருக்கிறது என்பேன். அரபியில் 'ப' (ஆங்கில p) ஒலி இல்லை, அந்த ஓட்டையே அதற்கு ஓர் அடையாளம்.

அடுத்து, எது எங்கே வரலாம் என்று விதி போடுங்கள். தமிழ்ச் சொல் 'ட'வில் தொடங்காது, அதனால்தான் டீ, டிக்கெட் எல்லாம் வெளியூர்ச் சரக்கு என்று காதுக்கே தெரிகிறது.

பலரும் கோட்டைவிடுவது இதற்கு அடுத்த வேலையில். ஒலி இடத்துக்கு இடம் மாற வேண்டும். கல், தங்கம், பகல் என்று சொல்லிப் பாருங்கள்: எழுத்து ஒரே 'க'தான், ஆனால் சத்தம் மூன்று விதம், அதை யாரும் யோசித்துச் சொல்வதில்லை. வட்டார வழக்கு வேண்டுமென்றாலும் இதே வழிதான். சென்னைப் பேச்சில் வாழைப்பழம் 'வாயப்பயம்' ஆகிறதே, அதுபோல ஒரு மாற்றத்தை எடுத்து, ஒரு சொல்லோடு நிறுத்தாமல் அகராதி முழுக்க ஓட்டுங்கள்.

பத்துப் பதினைந்து சொல் சேர்ந்ததும் வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் கூச்சமாக இருந்தால் மெரினாவுக்குப் போங்கள், அலைச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. நாக்கு தடுக்குகிற சொற்களை எல்லாம் தயங்காமல் வெட்டுங்கள்.