அடையாள மரபணுவைத் தேடும்போது செய்யக்கூடாத தவறுகள்

சிங்கப்பூர் புவன விஸ்தாவில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் பயிற்சிக்கு வரும் பலதுறைத் தொழிற்கல்லூரிப் பிள்ளைகள், நான் அந்த வயதில் செய்த தவறுகளையே செய்கிறார்கள். கையுறை, லேபிள் சமாச்சாரமெல்லாம் தானே திருந்திவிடும். அடையாள மரபணு என்பது, நாம் செலுத்திய டிஎன்ஏ எந்தச் செல்லில் ஏறியது என்று காட்டும் மரபணு; பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு மரபணு. அது உள்ளே தங்கிவிட்டதா என்று தேடும்போது நடக்கும் மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

ஒரே பட்டையை நம்புவது

போன வாரம் ஒரு மாணவி, டிஎன்ஏ துண்டுகளை அளவுவாரியாகப் பட்டைகளாகக் காட்டும் ஜெல் படத்தை நீட்டி, "அக்கா, கிளீன்!" என்றாள். மரபணு செருகிய இடத்துக்கு இருபுறமும் பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு), எதிர்பார்த்த அளவில் ஒரு பட்டை. இப்படி ஒரு பட்டையைப் பார்த்துத்தான் நானும் ஒரு செல் வரிசைக்கு (ஆய்வுக்கூடத்தில் தொடர்ந்து வளர்க்கும் ஒரே வகைச் செல்கள்) கையெழுத்துப் போட்டேன். உள்ளே பிளாஸ்மிட் (மரபணுவைச் சுமந்துபோகும் பாக்டீரியா வட்ட டிஎன்ஏ) துண்டு இருந்தது மூன்று மாதம் கழித்துத் தெரிந்தது. அத்தனையையும் கொட்டினோம். இன்றும் எரிச்சல் அடங்கவில்லை.

அமெரிக்காவின் கொம்பில்லா மாடுகளுக்கும் இதுதான் நடந்தது. மரபணு திருத்திய செல்லிலிருந்து குளோனிங் முறையில் 2015இல் பிறந்த காளைகள் அவை. வேண்டாத மாற்றம் எதுவும் இல்லை என்றே நம்பினார்கள். 2019இல் அந்நாட்டு உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் ஆய்வாளர்கள் அதே தரவை மறுபடி அலசியபோது, பிளாஸ்மிட் முழுசாக உட்கார்ந்திருந்தது, இரண்டு ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு மரபணுக்களோடு. ஒரு காளையின் ஆறு கன்றுகளில் நான்குக்கு அது போய்ச் சேர்ந்திருந்தது.

எப்படித் தப்பியது? குரோமோசோம் ஜோடியில் ஒன்று சரியாக இருந்தது. அதிலிருந்து வரும் குட்டையான துண்டுதான் பிசிஆரில் (டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் முறை) எளிதாகப் பெருகும். பிளாஸ்மிட் சேர்ந்த நீளமானது பெருகாமலே போகலாம். மரபணுத்தொகுதியை முழுதாகப் படித்தாலும், மாட்டோடு மட்டும் ஒப்பிட்டால், பொருந்தாத துணுக்குகளை மென்பொருள் ஒதுக்கிவிடும். நாம் தேடுவது அந்த ஒதுக்கலில்தான் கிடக்கும். ஆகவே பிளாஸ்மிடின் டிஎன்ஏ வரிசையையும் சேர்த்து ஒப்பிடுங்கள். ஒவ்வொரு முறையும்.

ஊக்கியைப் பார்க்காமல் பயப்படுவது

தேக்காவில் ஆட்டிறைச்சி வாங்கும் என் அம்மா கேட்டார்: "மரபணு மாற்றிய விலங்கின் கறியைத் தின்றால் நமக்கு மருந்து வேலை செய்யாமல் போகுமா?" அப்படி ஆகாது. டிஎன்ஏ பெரும்பாலும் செரித்துவிடும். குடல் பாக்டீரியா அதை எடுத்துக்கொண்டு பயன்படுத்துமா என்பதுதான் கேள்வி. ஊக்கி என்பது மரபணுவை இயக்கும் சுவிட்ச் போன்ற டிஎன்ஏ பகுதி. விலங்கு ஊக்கி மட்டும் உள்ள நியோ என்ற ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு மரபணு பாக்டீரியாவில் பொதுவாக வேலை செய்யாது. பிளாஸ்மிடோடு வரும் மரபணுவுக்குப் பாக்டீரியா ஊக்கியே இருக்கும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

குளோன் என்றாலே மரபணு மாற்றம் என்பது

இல்லை. 1996இல் பிறந்த டாலி என்ற செம்மறி ஆடு வெறும் குளோன். 1997இல் வந்த பாலி என்ற ஆடுதான் இரண்டும்.

அடையாள மரபணுவைப் பிறகு நீக்கிக்கொள்ளலாம் என்பது

லாக்ஸ் தளங்களை (கிரி நொதி அடையாளம் காணும் டிஎன்ஏ குறிகள்) முதலிலேயே அந்த மரபணுவின் இருபுறமும் வைத்திருந்தால் கிரி நொதி அதை வெட்டியெடுக்கும். வைக்காவிட்டால் வெட்டாது.